சப்தர்ஜங்கின் பழைய ஓடுபாதை

தில்லிக்குப் போனால் செங்கோட்டையும் குதுப்மினாரும் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். கூடவே மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறி ஜோர்பாக் நிலையத்திலும் இறங்குங்கள். சற்று நடந்தால் சப்தர்ஜங் கல்லறை வரும். அவத் நவாபுக்காக அவருடைய மகன் 1754-இல் எழுப்பியது. சிவப்புக் கல் சுவரையும் வெள்ளைக் கும்மட்டத்தையும் படம் பிடித்துக்கொண்டு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே, மதிலுக்கு அந்தப் புறம் தில்லியின் முதல் விமான நிலையம் இருக்கிறது.

1929-இல் உருவான இந்தத் தளத்துக்கு, வெள்ளைக்காரர் காலத்தில் வில்லிங்டன் என்று பெயர். அதே ஆண்டு மார்ச் 30-இல் லண்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் தபால் விமானம் புறப்பட்டது. அந்தப் பயணத்துக்கு ஏழு நாள் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம். அங்கிருந்து ஜெனோவா துறைமுகத்துக்கு ரயில். மத்தியதரைக் கடலைத் தாண்ட நீரில் இறங்கும் விமானம். அப்புறம் எகிப்திலிருந்து மூன்று இயந்திர விமானம். ஆண்டு முடிவதற்குள் அந்தச் சேவை தில்லி வரை நீண்டது.

1933-இல் இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் என்ற தனியார் நிறுவனம் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. 1953-இல் அரசு எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தபோது இதுவும் அதில் சேர்ந்தது.

அந்தக் காலத்தின் நாயகன் டகோட்டா விமானம். வால் பக்கம் சின்னச் சக்கரம் இருப்பதால், தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தே நிற்கும். பின்புறக் கதவு வழியாக நுழைபவர் தன் இருக்கைக்கு மேடேறித்தான் போகவேண்டும். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி காலை, ஸ்ரீநகரைக் காக்கச் சீக்கியப் படைப்பிரிவை ஏற்றிச் சென்றவை இந்த டகோட்டாக்கள்தாம்.

நம்மூர்க்காரர்களுக்கு நெருக்கமான சேதி ஒன்று உண்டு. 1949-இல் இரவுத் தபால் சேவை தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். தில்லியில் வேலை பார்த்த தமிழர் எழுதிய கடிதம் மறுநாள் காலையே சென்னைக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பெரிய விமானங்கள் வந்தன. அவற்றுக்கு நீண்ட ஓடுபாதை தேவைப்பட்டது. 1962-இல் பயணிகள் சேவை பாலம் நிலையத்துக்குப் போய்விட்டது. அதுதான் இன்றைய இந்திரா காந்தி விமான நிலையம். சப்தர்ஜங்கில் எஞ்சியது பறக்கும் பயிற்சி. 2001-க்குப் பின் வந்த பாதுகாப்புக் கெடுபிடியில் அதுவும் நின்றது.

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் அலுவலகம் இருப்பதும் இந்த வளாகத்தில்தான். நாட்டின் வானப் பயணத்தை நடத்துகிறவர்கள் அந்த வரலாறு நடந்த மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பாலத்தில் விமானப் படைக்கு 1967 முதல் ஒரு நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. அதுபோல இங்கும் ஒரு கொட்டகையில் டகோட்டா ஒன்றை நிறுத்தி, பொதுமக்களுக்கு, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.