அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

(அங்கன்வாடி மையம் ஒன்றில் நடந்த தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, டீச்சரும் இல்லை. அரசின் செய்தித் துறையில் எழுதுவது என் வேலை. குழந்தைகளோட அறிவு வளர்ச்சியைப் பற்றி நான் படிக்க ஆரம்பிச்சதுக்கு எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயம்தான் காரணம்.

என் அக்கா பையனுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்றார் பாட்டி. நாங்களும் தலையாட்டினோம். மூன்று வயதில் பரிசோதித்த பிறகுதான் அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஒரு வருஷத்தைச் சும்மா காத்திருந்தே விட்டுட்டோம். இன்றைக்குக் கருவி மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். ஆனாலும் அந்த ஒரு வருஷத்தை நினைத்து அக்கா இன்னும் வருத்தப்படுறாங்க.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே (1896–1980) என்ற உளவியல் அறிஞர் குழந்தைகள் சொல்லும் தவறான பதில்களைக் கவனித்தார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறுகளைச் செய்தார்கள். குழந்தைக்கு அறிவு குறைவு இல்லை, அது யோசிக்கும் விதமே வேறு என்பதை அதிலிருந்து புரிந்துகொண்டார். இந்த வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்.

பிறந்தது முதல் 2 வயது வரை முதல் கட்டம். குழந்தை தொட்டு, பார்த்து, வாயில் வைத்துக் கற்றுக்கொள்ளும். ஏறக்குறைய எட்டு மாதத்தில், துணிக்கு அடியில் ஒளித்த பொம்மையைத் தேட ஆரம்பிக்கும்.

2 முதல் 7 வயது வரை இரண்டாவது கட்டம். பேச்சு பெருகும், சொப்பு வைத்துச் சமையல் நடக்கும். இன்றைக்கு வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தையின் கண்முன்னே ஒன்றை மட்டும் ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். "இதுலதான் நிறைய இருக்கு" என்று பெரும்பாலும் உயரமான டம்ளரைக் காட்டும். திட்டாதீங்க. அந்த வயதுக்கு அது இயல்பான பதில்.

7 முதல் 11 வயது வரை மூன்றாவது கட்டம். இப்போது தண்ணீரின் அளவு மாறவில்லை என்று புரியும். புளியங்கொட்டை, காசு என்று கையில் பொருள் இருந்தால் கணக்கு சுலபமாக வரும்.

11 வயதுக்கு மேல் நான்காவது கட்டம். "இப்படி நடந்தா என்ன ஆகும்?" என்று கண்ணால் பார்க்காததையும் யோசிப்பார்கள்.

இந்த வயதுகள் தோராயமானவைதான். ஒரு குழந்தை கொஞ்சம் முன்னே போகும், இன்னொன்று கொஞ்சம் பின்னே வரும். அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். மூன்று வயதில் பென்சிலைத் திணித்து எழுதச் சொல்லவும் வேண்டாம். கதை சொல்லுங்க, கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்க, விளையாட விடுங்க.

அதே சமயம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை; இரண்டு வயதாகியும் "பால் வேணும்" என்பது போல இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை; முன்பு செய்ததை, பேசியதை எந்த வயதிலாவது மறந்துவிட்டது. இதில் ஒன்று இருந்தாலும் அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ உடனே சொல்லுங்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய அளவிலான குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அந்த நாளில் குழந்தையைக் கட்டாயம் அழைத்து வாங்க. வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். தாய் சேய் நல அட்டையிலும் எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று இருக்கிறது. தடுப்பூசித் தேதியைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

"பரவாயில்லை, சரியாயிடும்" என்று நாங்க சொன்ன மாதிரி நீங்க சொல்லாதீங்க. சந்தேகம் வந்த அன்றைக்கே கேளுங்க. ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி. இருக்கிறது என்று தெரிந்தால், குழந்தைக்குக் காலம் மிச்சம்.