பேரேட்டில் பெயர் பிழையாதிருக்க

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம நிர்வாகத்தின் உயிர்நாடி பேரேடு என்பதை நாம் அனைவரும் அறிவோம். வீட்டு வரி, பிறப்பு இறப்புப் பதிவு, பட்டா, முதியோர் ஓய்வூதியம் ஆகிய எதை எடுத்துக் கொண்டாலும் அதன் ஆரம்பம் ஒரு பெயரை எழுதுவதில்தான் இருக்கிறது. முன்னாளில் அப்பெயரைக் கர்ணம் மை தொட்டு எழுதினார். இன்று கணிப்பொறியின் தரவுத்தளம் அதனை ஏற்றுக் கொள்கிறது. தாளில் எழுதிய பெயர் தானாக மாறுவதில்லை. கணிப்பொறியில் எழுதிய பெயரோ, நாம் கவனியாதிருந்தால், சிதைந்து போகக்கூடும்; அழிந்தும் போகக்கூடும். அதனைத் தடுப்பது எவ்வாறு என்பதையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். தொடக்க காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. ஓர் அலுவலகத்தில் எழுதியது மற்றோர் அலுவலகத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. இக்குழப்பத்தைக் குறைக்கத் தமிழ்நாட்டு அரசு 1999-ல் 'டாப்', 'டாம்' என்னும் முறைகளை ஏற்றது. பின்னர் 2010-ல் ஒருங்குறியை அங்கீகரித்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியலே ஒருங்குறி. அதன் முதற் பதிப்பு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழ் அகரத்தின் எண் 2949. தெலுங்கு அகரத்தின் எண் 3077. கன்னட அகரத்தின் எண் 3205. ஒன்றின் எண் மற்றொன்றுக்கு இல்லை. ஆதலால் ஓசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ், தெலுங்கு, கன்னடப் பெயர்கள் மூன்றையும் ஒரே பேரேட்டில் அவரவர் எழுத்திலேயே வைத்துக் கொள்ளலாம். எந்த மொழி என்பதைக் குறிக்க ஒரு தனிப் பத்தி இருந்தால் போதும்.

அப்படியாயின் தொல்லை எங்கே வருகிறது? ஏரிப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். மதகு, வாய்க்கால், கிளை வாய்க்கால் எல்லாம் சரியாக இருந்தால்தான் கடைமடைக்கு நீர் வரும். ஓரிடத்தில் கரை உடைந்தாலும் பயிர் வாடும். பெயரும் இப்படித்தான் விசைப்பலகை, செயலி, செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு, பேரேட்டுப் பத்தி, அச்சு என்னும் ஐந்து இடங்களைக் கடந்து வருகிறது. ஐந்திலும் ஒரே ஒருங்குறி முறை இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமான முறை இருந்துவிட்டால் கேடு விளையும். பெயர் கிறுக்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகிவிட்டால் மீட்க வழியில்லை. பழைய தாளைத்தான் தேட வேண்டும். ஆகவே கணிப்பொறியில் ஏற்றியாயிற்று என்று பழைய பேரேடுகளை எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது பத்தியின் அகலம். கணிப்பொறி இடத்தைப் 'பைட்' என்னும் அளவால் அளக்கிறது. இன்று பெரிதும் வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறிக்கோ 3 பைட். முத்துலட்சுமி என்னும் பெயரில் நாம் எண்ணும் எழுத்துகள் 7. கால், கொம்பு, புள்ளி முதலியவற்றைத் தனித்தனியே எண்ணும் கணிப்பொறிக்கு அவை 13 குறிகள், 39 பைட். பத்திக்கு 30 பைட் போதும் என்று ஒருவர் வகுத்திருந்தால், அந்த அம்மையார் 'முத்துலட்ச' என்று குறைந்து நிற்பார். வங்கிக் கணக்கிலுள்ள பெயருடன் இது ஒத்துப்போகுமா? ஓய்வூதியம் நின்றபின் அவர் அலைவது யாருக்குத் தெரியும்?

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாதது. 'பொன்னம்மாள்' என்பதில் முதலெழுத்தை இரு வகையாகப் பதியலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணில் இரண்டும் வேறு. ஒரு வகையில் பதிந்து மறு வகையில் தேடினால், "அப்படி ஒருவர் இல்லை" என்று கணிப்பொறி விடை கூறும். பதியும்போதும் தேடும்போதும் எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு செயலியில் இருந்தால் இக்குறை நேராது.

அகர வரிசையையும் கவனிக்க வேண்டும். நம் முறைப்படி 'அம்மாசி' முன்னும் 'அமுதா' பின்னும் வர வேண்டும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது. வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் அமுதா முன்னே வந்துவிடுவார். தமிழுக்குரிய வரிசை முறையைத் தரவுத்தளத்தில் தெரிவு செய்தல் அவசியம்.

இத்தனை தொல்லை எதற்கு, ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வள்ளியும் வல்லியும் ஆங்கிலத்தில் ஒரே பெயராகிவிடுவார்கள். ஒருவர் நிலம் மற்றவர் பெயரில் தோன்றினால் வழக்கு மன்றம் ஏற வேண்டியதுதான். ஆங்கில வடிவம் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கட்டும். மூலம் மக்கள் எழுதும் எழுத்திலேயே இருக்க வேண்டும்.

பழைய நில ஆவணங்களில் மா, காணி, வேலி ஆகியவற்றுக்கு வழங்கிய குறிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய 51 குறிகள் 2019-ல் ஒருங்குறியில் புதிதாக இடம்பெற்றன. அவை ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். சில தரவுத்தளங்களின் பழைய அமைப்பு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. பழைய ஆவணங்களைப் பதிய எண்ணும் ஊராட்சிகள் இதனை முன்னதாகவே கேட்டறிதல் நலம்.

நண்பர்களே! இவற்றை நாமே சரிசெய்ய வேண்டியதில்லை. சரியாக உள்ளதா என்று சோதித்தால் போதும். செயலியை ஏற்குமுன் நம் ஊரிலுள்ள நீண்ட பெயர்களையும், பிறமொழிப் பெயர்களையும், ஒகரம் வரும் பெயர்களையும் பதியச் சொல்வோம். மறுநாள் அவற்றைத் தேடச் சொல்வோம்; வரிசைப்படுத்தச் சொல்வோம்; அச்சிட்டு வாங்கி, எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒப்பிடச் செய்வோம். ஓர் எழுத்துக் குறைந்தாலும் ஏற்க மறுப்போம். விதை நெல்லை முளைக்க வைத்துப் பார்க்காமல் நாற்றங்காலில் தெளிப்போமா?

ஒருவர் பெயரைச் சரியாக எழுதுவது அவருடைய உரிமையைச் சரியாகக் காப்பதாகும். அக்கடமையை நாம் குறைவற நிறைவேற்றுவோமாக.