டேலி ஆனால் மட்டும் போதுமா? – பழைய வீடியோ கேம்களும் எமுலேட்டர்களும்

நமது சங்கக் கூட்டத்தில் நான் பேசியதைக் காலாண்டிதழுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேசும்போது இழுத்த இடங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு வீடியோ கேமைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சொல்கிறேன். 1990களில் உங்களில் பல பேர் வீட்டில் டி.வி.யோடு இணைக்கிற வீடியோ கேம் பெட்டி இருந்திருக்கும். மஞ்சள் கேசட்டைச் செருகினால் மேரியோ குதிப்பான். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் கொண்டுவந்த ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள்தான் அவை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 2002இல் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதன் அடாப்டரை எடுத்து பீரோவில் பூட்டினேன். பரீட்சை முடிந்தது, பிளஸ் டூ வந்தது, நானும் மறந்தேன், அவனும் கேட்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோது பெட்டிக்கு உயிர் இல்லை.

அப்போது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நண்பன் கொடுத்த ஃப்ளாப்பியில் நெஸ்டிகிள் என்ற மென்பொருளைக் கொண்டுவந்து அதில் மேரியோவை ஓட்டினான். 1997இல் வந்த மென்பொருள் அது. ஐந்து நிமிடம் ஆடிவிட்டு எழுந்துவிட்டான். "மேல இருக்கிற ஸ்கோர் நடுங்குதுப்பா. பாட்டும் வேற மாதிரி இருக்கு. இது அது இல்ல" என்றான். "படம் வருது, ஆடுது, அப்புறம் என்ன?" என்றேன். நான் சொன்னது தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இப்படிப்பட்ட மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய பெட்டியின் சிப்புகள் கேசட்டில் உள்ள கட்டளைகளை எப்படிப் படித்து நடக்குமோ, அதையே நம் கம்ப்யூட்டரில் நடித்துக் காட்டும். பழைய பெட்டியின் சிப் விநாடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பு ஓடியது. இன்றைய கம்ப்யூட்டருக்கு அது தூசு. அப்படியிருந்தும் நடிப்பு ஏன் பிசகியது?

வங்கியிலிருந்தே ஓர் உதாரணம். ஒருவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. காலை பதினோரு மணிக்கு இரண்டாயிரத்துக்கு ஒரு செக் வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு அவர் மூவாயிரம் கட்டுகிறார். வந்த நேரப்படி பதிந்தால் செக் திரும்பியிருக்க வேண்டும். எல்லா வவுச்சரையும் சாயங்காலம் மொத்தமாகப் பதிந்தால் செக் பாஸ் ஆகிவிடும். அன்றைய கணக்கு டேலியும் ஆகும். ஆனால் அன்று நடந்தது அதுவல்ல.

பழைய எமுலேட்டர்கள் செய்தது இந்தச் சாயங்காலப் பதிவைத்தான். அசல் பெட்டியில் கணக்குப் போடும் சிப்பும் படம் வரையும் சிப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கணக்குச் சிப் ஓர் அடி வைத்தால் படச் சிப் மூன்று புள்ளி வரைந்திருக்கும். எமுலேட்டரோ கணக்குச் சிப்பின் வேலையைக் கொஞ்ச நேரத்துக்கு மொத்தமாக முடித்துவிட்டு, பிறகு படத்தின் ஒரு வரியை வரையும்.

மேரியோவின் ஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஓடும்போது காட்சி நகர்கிறது, மேலே உள்ள ஸ்கோர் நிற்கிறது. பெட்டியில் படத்தை நகர்த்த ஒரே ஒரு அமைப்புதான் உண்டு. அதனால் ஸ்கோர் வரி வரைந்து முடியும்வரை கேம் காத்திருக்கிறது. அங்கே உள்ள நாணயப் படத்தின் அடியில் ஒரு சிறு உருவத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். டி.வி.யில் படம் அந்த இடத்துக்கு வந்ததும் படச் சிப் ஒரு சைகை தரும். உடனே கேம், "இனி நகர்த்து" என்று அமைப்பை மாற்றும். இந்த நேரம் தப்பினால் ஸ்கோர் நடுங்கும். என் மகன் பார்த்தது அதைத்தான்.

சரி, அந்தந்த கேமுக்கு ஒட்டுப் போட்டால் என்ன? போட்டார்கள். அடுத்து வந்த சூப்பர் நின்டெண்டோவுக்கு 1990களின் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே வேகமாக ஓடும் எமுலேட்டர்கள் வந்தன. பிரபலமான கேம்கள் ஓடின, எல்லோருக்கும் திருப்தி. அதில் ஒரு வினை விளைந்தது. ஜப்பானிய கேம்களை மொழிபெயர்த்த ஆர்வலர்கள் அந்த எமுலேட்டரில் மட்டும் சோதித்து வெளியிட்டார்கள். அவற்றில் சில அசல் பெட்டியில் ஓடவில்லை. தவறான நிலுவையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனால் தவறே சரி ஆகிவிடும் இல்லையா, அந்தக் கதைதான்.

இதை ஏற்காத ஒரு நிரலாளர் 2004இல் பி-ஸ்நெஸ் என்ற எமுலேட்டரைத் தொடங்கினார். ஒட்டு கிடையாது, ஒவ்வொரு துடிப்பும் அசல் வரிசையில் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "எந்த கேம் ஓடவில்லை என்று இவ்வளவு மெனக்கெடுகிறாய்?" என்று கேட்டவர்களுக்கு அவர் காட்டிய உதாரணங்கள் சுவையானவை. ஸ்பீடி கொன்சாலஸ் கேமில் ஒரு கட்டத்தில் ஒரு பொத்தானை மிதிக்க வேண்டும். அப்போது நினைவகமே இல்லாத ஒரு முகவரியை கேம் படிக்கிறது. அசல் பெட்டியில் கம்பியில் கடைசியாகப் போன எண்ணின் மிச்சம் அங்கே கிடைக்கும், சற்று நேரத்தில் அது மாறும், கேம் தொடரும். பழைய எமுலேட்டர்களில் அது மாறவே மாறாது. கேம் அப்படியே உறைந்து நிற்கும். ஏர் ஸ்ட்ரைக் பெட்ரோல் என்ற கேமில் நம் விமானத்துக்குக் கீழே விழும் நிழல் காணாமல் போகும்.

இந்தத் துல்லியத்துக்கு விலை உண்டு. அசல் சிப்பின் உச்ச வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதைப் பிசகாமல் நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் வேண்டும் என்று 2011இல் அவரே எழுதினார். எண்ணூறு மடங்குக்கும் மேல்! சூப்பர் மேரியோ கார்ட் கேசட்டுக்குள் இருந்த தனிச் சிப்பின் உள்ளடக்கத்தை அறிய, அதன் மேலுறையை அமிலத்தில் கரைத்து நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான் இன்று நாம் இலவசமாக இறக்கிக்கொள்ளும் எமுலேட்டர்களின் தரம். கம்ப்யூட்டர் வேகமானது பாதிக் காரணம்தான். "ஏறக்குறைய சரி" என்பதை ஏற்காத சில பேரின் பிடிவாதம் மீதிக் காரணம்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் கவலை மட்டும் அல்ல. அசல் பெட்டிகள் வயதாகிச் சாகின்றன. ஆட்டத்தைச் சேமிக்கும் சில கேசட்டுகளுக்குள் இருக்கும் பேட்டரியும் தீர்ந்துபோகும். அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. கடைசிப் பெட்டியும் நின்ற பிறகு, அந்த கேம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி எமுலேட்டர் ஒன்றுதான். சாட்சி பொய் சொல்லக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எமுலேட்டர் வேறு, கேம் வேறு. 2000இல் அமெரிக்காவில் சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் எமுலேட்டருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நின்டெண்டோவே 2016இல் விற்ற குட்டிப் பெட்டிக்குள் ஓடியதும் எமுலேட்டர்தான். ஆனால் கேம்களுக்குக் காப்புரிமை உண்டு. பேரப்பிள்ளைகள் கண்ட தளத்திலிருந்து இறக்கினால், காப்புரிமைப் பிரச்சினையோடு வைரஸும் வீட்டுக்குள் வரலாம். கவனம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய மின்பொருள்களைக் கழிக்கும்போது பரணில் உள்ள கேம் பெட்டியையும் கேசட்டுகளையும் யோசிக்காமல் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் யாருடையதோ, அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். அசல் மேரியோ கேசட் ஒன்றை வாங்கி, ஒரு சிறு கருவியில் செருகிப் படியெடுத்து வைத்திருந்தான். என் கம்ப்யூட்டரில் மெசன் என்ற எமுலேட்டரைப் போட்டு ஓட்டினான். ஸ்கோர் அசையாமல் நின்றது. பாட்டும் அந்தப் பாட்டேதான், சமையலறையிலிருந்த என் மனைவிகூட எட்டிப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆடிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "அப்பா, அந்த அடாப்டரை எங்க வச்சீங்க?"

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். இனி அதனால் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.