பல்லைப் பிடித்துப் பார்த்தால் போதுமா?

எதிரணி நண்பர், அனுபவமே போதுங்கிறார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லை எண்ணி வயசு சொல்றோம். அது அனுபவந்தான், மறுக்கலை.

1932-ல் சிவாலிக் மலையில் கிடைத்த தாடையையும் பல்லையும் வைத்து, ராமாபிதிகஸ் மனிதனுக்கு மூதாதை என்று அறிஞர்கள் ரொம்ப காலம் சொன்னார்கள். பாகிஸ்தானில் கிடைத்த முக எலும்பு 1982-ல் வெளியானதும், ‘ஒராங்குட்டானுக்குத்தான் சொந்தம்’னு மாத்திக்கிட்டாங்க. வெட்கப்படலைய்யா!

நம்ம தஞ்சாவூர்லே? மேட்டூர் திறக்காத வருஷம் நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை. கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டுறோம். அசோலான்னு ஒரு மிதக்கும் பெரணி. காய்ந்த எடையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம். வைக்கோலில் நாலு இருந்தாலே அதிகம். கொல்லையிலே பாய் விரிச்ச ஒரு குழித் தண்ணியும் கொஞ்சம் சாணியும் போதும். அலசித் தவிட்டோடு கலந்து வைங்க. முதல்லே முகம் திருப்பும். அதுக்கும் அனுபவம் இல்லையே, பாவம்!