கம்பி இல்லாமலும் குரல் போகும்; கேட்பது யார்?



1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பும்போது பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மிரட்டல் இருப்பதை அவர் முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்.

2001இல் அதே மேலூர் வட்டாரத்துக்குச் சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி வந்தது. கிராமத்துக்குக் கம்பி இழுக்காமலே பேச்சும் இணையமும் கிடைத்தன. நல்ல நுட்பம்தான். அலைக்கு ஊர், சேரி என்ற பேதம் தெரியாது. ஆனால் கருவி இருக்கும் கடை ஊர்த்தெருவில் இருந்தால், ஊராரின் கொடுமையைச் சொல்ல நம் பெண்கள் அங்கே போய்ப் பேச முடியுமா? ஆய்வு மாணவனாக நான் முதலில் கேட்பது, கருவி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைத்தான்.

இன்று சேரியிலும் கைபேசி இருக்கிறது. வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566, 2021 முதல் இருக்கிறது. இனி கேட்க வேண்டியது: மறுமுனையில் எடுத்தவர் என்ன செய்தார்? கடமை தவறும் அலுவலரைத் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4ஆம் பிரிவு உண்டு. ஆகவே, பேசிய தேதி, நேரம், புகார் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். அதுவே நாளை நமக்குச் சாட்சி.

முருகேசன் சொல்லாமல் சாகவில்லை.

ஜெய்பீம்.