வேஷம் கட்டிய வைரஸ்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். பறவைக் காய்ச்சல் வைரஸ் நாளைக்கே உங்க உடம்புக்குள்ள நுழைஞ்சா, உங்க ரத்தம் அதைத் தடுக்குமா? நோய் வர்றதுக்கு முன்னாடியே இதைத் தெரிஞ்சுக்க முடியுமா?

நேர்வழி ஒண்ணு இருக்கு. ரத்தத்துல இருந்து சீரத்தைப் பிரிச்சு, உயிருள்ள வைரஸோட கலந்து, செல்கள் மேல விட்டுப் பார்க்கலாம். செல்களுக்குள்ள வைரஸ் நுழையலைன்னா, அதை முடக்குற ஆன்டிபாடி உங்ககிட்ட இருக்கு. ஆனா ஹெச்5என்1 சாதாரண வைரஸ் இல்ல. 1997-ல ஹாங்காங்ல 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தாங்க. 2003-ல இருந்து உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட நோயாளிகள்ல ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கலை. அதை வளர்க்க உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேணும். அது எல்லா ஊர்லயும் கிடையாது.

இன்னொரு வழி, 1941-ல ஜார்ஜ் ஹர்ஸ்ட் கவனிச்ச விஷயத்துல இருந்து வந்தது. ஃப்ளூ வைரஸ் கோழியோட சிவப்பணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கும். ஆன்டிபாடி இருந்தா ஒட்டாது. மலிவான, எளிமையான சோதனை. இன்னைக்கும் உலகம் முழுக்கச் செய்றாங்க. ஆனா இதுக்குக் கண்ணு பாதிதான் தெரியும். ஏன்னு சொல்றேன்.

வைரஸ் மேல ஹீமக்ளூட்டினின்னு ஒரு புரதம் முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குத் தலையும் உண்டு, தண்டும் உண்டு. செல்லைப் பிடிக்கிறது தலை. உள்ளே நுழைய உதவுறது தண்டு. சிவப்பணு சோதனையில தலையை மறைக்கிற ஆன்டிபாடிதான் தெரியும். தண்டைப் பிடிக்கிற ஆன்டிபாடி பெரும்பாலும் தப்பிச்சிடும்.

இங்கதான் வேஷம் கட்டிய வைரஸ் வருது. ஆங்கிலத்துல சூடோடைப். மனுஷச் செல்களுக்குள்ள சில டிஎன்ஏ வளையங்களைச் செலுத்துறாங்க. ஒண்ணு ஹெச்ஐவி மாதிரி வைரஸோட உள்கூட்டைச் செய்யும். இன்னொண்ணு ஹெச்5 முள்ளைச் செய்யும். மூணாவது, மின்மினிப் பூச்சியை ஒளிர வைக்கிற லூசிஃபெரேஸ் மரபணு. முள்ளு அந்தச் செல்லுலயே ஒட்டிக்கும்கிறதால, அதை வெட்டி விடுவிக்க நியூராமினிடேஸும் சேர்ப்பாங்க. ரெண்டு நாள்ல வைரஸ் துகள்கள் வெளியே வந்துடும். வெளியே ஹெச்5என்1 சட்டை, உள்ளே விளக்கு. முள்ளு செய்ற மரபணு துகளுக்குள்ள இல்லாததால ஒரு தடவை செல்லுக்குள்ள நுழையும், அதோட சரி. குட்டி போடாது. அதனால சாதாரணப் பாதுகாப்பு ஆய்வகமே போதும்.

அப்புறம் சோதனை. சீரத்தைப் படிப்படியா நீர்க்கச் செஞ்சு, துகள்களோட கலந்து, செல்கள் மேல விடணும். துகள் நுழைஞ்ச செல் ஒளிரும். ஆன்டிபாடி தடுத்தா இருட்டு. எந்த நீர்த்த அளவுல ஒளி பாதியாகுதோ, அதுதான் உங்க எண். தண்டைப் பிடிக்கிற ஆன்டிபாடியும் இதுல மாட்டும்.

இதனால என்ன பயன்? 2016-ல வந்த ஓர் ஆய்வு, 1968-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு ஹெச்5என்1 கடுமையா வர்றது குறைவுன்னு காட்டிச்சு. குழந்தைப் பருவத்துல அவங்க சந்திச்ச ஃப்ளூ, ஹெச்5-க்கு உறவுக்கார ஹெச்1 அல்லது ஹெச்2. உறவுக்காரங்களுக்குள்ள தண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதைப் பிடிக்கிற ஆன்டிபாடி இதுக்கு ஒரு காரணமா இருக்கலாம். இதைக் கேட்கிற நீங்க பெரும்பாலும் 1968-க்கு அப்புறம் பிறந்தவங்க. உங்க தாத்தா பாட்டிகிட்ட இருக்கிற கவசம் உங்ககிட்ட இருக்கான்னு, தலையை மட்டும் பார்க்கிற சோதனை சொல்லாது.

வேகமும் முக்கியம். 2024 மார்ச்ல அமெரிக்கக் கறவை மாடுகள்கிட்ட ஹெச்5என்1 இருக்கிறது தெரிஞ்சுது. மரபணு வரிசை வெளியானா போதும். உயிருள்ள வைரஸைக் கப்பல்லயோ விமானத்துலயோ வரவழைக்காமலே அந்த முள்ளைச் செஞ்சு சோதிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. போலித் துகள்ல முள்ளு நிஜ வைரஸ்ல இருக்கிற அளவுக்கு நெருக்கமா இருக்கணும்னு இல்ல. அதனால தண்டு ஆன்டிபாடி இருக்கிறதைவிடப் பலமாத் தெரியலாம். ஓர் ஆய்வகத்தோட எண்ணை இன்னொண்ணோட ஒப்பிட, ரெண்டு இடத்துலயும் ஒரே பொதுச் சீரத்தை வச்சுச் சரிபார்க்கணும். டி செல்களோட வேலையும் இதுல தெரியாது.

ஆக, எண் பெருசா வந்தா வாசல்ல காவல் இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள யார் காவல்னு அடுத்த எபிசோட்ல, டி செல்களோட பேசலாம்.