இரும்பை இணைக்கும் இலக்கணம்



பற்றவைப்புத் தொழிலில் வழங்கும் சொற்களையும் குறியீடுகளையும் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் இலக்கணமும் கணக்கும் கற்பித்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு, மக்கள் வெல்டிங் என்று வழங்கும் இத்தொழிலைப்பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான் ஒரு நாளும் கையில் வெல்டிங் ராடு பிடித்தவன் அல்லேன். ஆயினும், அத்தொழிலின் குறி ஒன்றை அறியாமையால் நேர்ந்த பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியின் தாழ்வாரம் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் அமைந்திருந்தது. பிள்ளைகள் தவறி விழாதிருக்க, அதன் ஓரத்தில் இரும்புக் கிராதி அமைக்க ஏற்பாடாயிற்று. பொறியாளர் ஒருவர் வரைபடம் தந்தார். பட்டறைக்காரர் ஒருவர் அதைப் பார்த்து வேலை செய்தார். வேலை முடிந்ததும், “வரைபடத்தின்படி நிறைவேறியது” என்று சான்றெழுதிக் கையெழுத்திட வேண்டியவன் நான். கிராதியைப் பார்த்தேன், வண்ணம் பூசிப் பளபளவென்றிருந்தது. கையெழுத்திட்டேன்.

ஆறு மாதம் கழிந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கிராதியில் சாய்ந்து நின்றபோது, அதன் தூண் ஒன்று அடியோடு பெயர்ந்துவிட்டது. பிள்ளை கீழே விழுந்தான், இடக்கை முறிந்தது. தலையில் அடிபடாமல் போனது அவனுடைய நல்லூழ்.

அந்த வாரத்தில், பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். தொழிற்சாலை ஒன்றில் பற்றவைப்பு ஆய்வாளராக இருப்பவர். பெயர்ந்த தூணின் அடியைக் குனிந்து பார்த்தார். அடித்தட்டோடு அது சேர்ந்திருந்த நான்கு பக்கங்களில், கண்ணுக்குத் தெரியும் முன்பக்கம் ஒன்றில் மட்டுமே பற்றவைப்பு இருந்தது. வரைபடத்தைக் கேட்டு வாங்கி விரித்தார்.

“ஐயா, இந்தக் கோடு மடங்கும் இடத்தில் ஒரு சிறு வட்டம் இருக்கிறதே, பார்த்தீர்களா?” என்றார்.

“பார்த்தேன், தம்பி. மை சிந்திய புள்ளி என்று நினைத்துவிட்டேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “சுற்றிலும் பற்றவைக்க வேண்டும் என்பது அந்த வட்டத்தின் பொருள், ஐயா” என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்காரரை அழைத்து விசாரித்தேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர்; அந்த வட்டத்தின் பொருள் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எழுதியவர் ஒருவர், செய்தவர் ஒருவர், சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவர் ஒருவர்; இம் மூவருள் இருவர் அந்த மொழியில் எழுத்தறியாதவர்கள். தமிழில் ‘கல்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு துணையெழுத்துத்தானே? அத் துணையெழுத்தை விட்டுவிட்டு எழுதிய மாணவர்களின் மதிப்பெண்ணைப் பல்லாண்டுகளாகக் குறைத்துவந்தவன், தன் முன்னே இருந்த ஒரு வட்டத்தை விட்டுவிட்டான். அன்று முதல் நான் என் மாணவருக்கு மாணவனானேன். அவரிடம் கற்றவற்றுள் சிலவற்றையே இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் காண வேண்டியதைக் காதால் கேட்கும்போது, கையும் உதவ வேண்டும்.

முதற்பாடம், இணைப்பு வேறு, பற்றவைப்பு வேறு என்பது. இரண்டு தகடுகள் ஒன்றையொன்று எவ்வாறு சந்திக்கின்றன என்பது இணைப்பு. சந்தித்த இடத்தில் உருகி உறைந்து அவற்றை ஒன்றாக்கும் உலோகம் பற்றவைப்பு. இணைப்புகள் அடிப்படையில் ஐந்தே. இரு புத்தகங்களை எடுத்து நீங்களே இவற்றை அமைத்துப் பார்க்கலாம். ஒரே தளத்தில் விளிம்போடு விளிம்பு முட்டினால் முட்டு இணைப்பு. ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறிக் கிடந்தால் மேற்படி இணைப்பு. ஒன்றன் நடுவில் மற்றொன்று செங்குத்தாக நின்றால் டீ இணைப்பு. இரண்டின் விளிம்புகளும் செங்கோணத்தில் கூடினால் மூலை இணைப்பு. இரண்டும் அட்டையோடு அட்டை படிய நின்று விளிம்புகள் ஒருசேர இருந்தால் விளிம்பு இணைப்பு.

பற்றவைப்பிலும் வகைகள் பல உண்டு. அவற்றுள் தலையாயவை இரண்டு. தகடுகளின் விளிம்புகளைச் சீவிக் காடி உண்டாக்கி, அக் காடியை உருகிய உலோகத்தால் நிரப்புவது காடிப் பற்றவைப்பு. இரு தகடுகள் கூடும் உள்மூலையில் முக்கோண வடிவாக உலோகத்தை இடுவது, பட்டறைகளில் ‘பில்லட்’ என்று வழங்குவது. எங்கள் கிராதித் தூணுக்கு வேண்டியிருந்தது இந்த பில்லட்டே.

பில்லட்டின் உறுப்புகளுக்குப் பெயரிட்டவர்கள் உடலையும் செடியையும் நினைத்திருக்கிறார்கள். இரு தகடுகளும் கூடும் உள்மூலை அதன் வேர். வெளியே தெரியும் பரப்பு அதன் முகம். முகம் தகட்டைத் தொட்டு முடியும் ஓரம் அதன் கால்விரல். வேரிலிருந்து கால்விரல் வரையுள்ள நீளம் அதன் கால். வேரிலிருந்து முகத்துக்கு உள்ள மிகக் குறைந்த தொலைவு அதன் தொண்டை. இப் பெயர்கள் வெறும் அலங்காரம் அல்ல. “பற்றவைப்பில் விரிசல்” என்று ஆய்வாளர் எழுதினால் யாருக்கும் பயனில்லை. “கால்விரலில் விரிசல்” என்றாலோ, “வேரில் உருகிச் சேரவில்லை” என்றாலோ, திருத்துபவருக்கு இடமும் காரணமும் ஒருங்கே விளங்கும்.

இனி, கணக்கு. ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களும் 6 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள், இவையே கால்கள். செங்கோண முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்துக் கோடு ஒன்று இழுங்கள், அதுவே தொண்டை. அளந்தால் ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர் வரும். காலை 0.707 ஆல் பெருக்கக் கிடைப்பது தொண்டை; பிதாகரசின் தேற்றத்தைப் படித்தவர்கள் காரணத்தைத் தாமே கண்டுகொள்வார்கள். பாரத்தைத் தாங்கும் வலிமை இந்தத் தொண்டையைப் பொறுத்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில நாடுகளில் வரைபடத்தில் காலின் அளவை எழுதுவார்கள். சில நாடுகளில் தொண்டையின் அளவை எழுதுவார்கள். ஐ.எஸ்.ஓ. 2553 என்னும் உலகப் பொதுத்தரம், எண்ணுக்கு முன்னே ‘ஏ’ என்ற எழுத்திருந்தால் தொண்டை, ‘இசட்’ என்ற எழுத்திருந்தால் கால் என்று வரையறுத்திருக்கிறது. தொண்டை 6 வேண்டுமென்றால் கால் ஏறத்தாழ 8.5 இருக்க வேண்டும். எழுத்தைக் கவனியாமல் கால் 6 வைத்துவிட்டால், வலிமையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு போய்விடும்.

அப்படியானால் எதற்கும் சற்றுப் பெரிதாகவே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். காலை இரட்டித்தால் தொண்டை இரட்டிக்கும். ஆனால் முக்கோணத்தின் பரப்பு நான்கு மடங்காகும். இரண்டு பங்கு வலிமைக்கு நான்கு பங்கு உலோகம் செலவு. அவ்வளவு சூடும் தகட்டுக்குள் இறங்கி, அது குளிரும்போது தகட்டைக் கோணச் செய்யும். ஆதலால் மிகுதியும் ஒரு குற்றமே.

காடியிலும் இதே கணக்கு உண்டு. காடியின் கோணம், இரு விளிம்புகளுக்கும் இடையே விடும் வேரிடைவெளி, சீவாமல் விட்ட வேர்முகம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால்தான் உருகிய உலோகம் அடிவரை சென்று சேரும். இடைவெளி குறைந்தால் அடியில் சேராது, மிகுந்தால் ஒழுகிப்போகும். கனத்த தகட்டில் ஒரு புறம் மட்டும் ‘வி’ வடிவில் காடி வெட்டுவதைவிட, இரு புறமும் பாதிப் பாதியாக வெட்டினால் ஏறத்தாழ அரைப்பங்கு உலோகம் போதும். காரணத்தைப் பரப்பளவுச் சூத்திரத்தால் நீங்களே நிறுவிப் பாருங்கள்.

இவ்வளவையும் வரைபடத்தில் சொற்களால் எழுதினால் இடம் போதாது. ஆகவே குறியீடு பிறந்தது. கிடையாக ஒரு கோடு வரையுங்கள். அதன் பெயர் ஆதாரக் கோடு. அதன் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்து, இறுதியில் அம்புமுனை இடுங்கள். அம்பு இணைப்பைச் சுட்டும். அம்பு தொடும் பக்கம் அம்புப்பக்கம்; அதற்கு அப்பால் உள்ளது மறுபக்கம். அமெரிக்க முறையில், ஆதாரக் கோட்டுக்குக் கீழே குறி இருந்தால் அம்புப்பக்கத்தில் பற்றவைக்க வேண்டும். மேலே இருந்தால் மறுபக்கத்தில். இரண்டிலும் இருந்தால் இருபுறமும். ஐரோப்பாவில் பெரிதும் வழங்கும் முறையிலோ, ஆதாரக் கோட்டுக்கு இணையாக ஒரு விட்டுவிட்ட கோடு ஓடும். அதன்மேல் உள்ள குறியே மறுபக்கத்தைக் காட்டும். வரைபடம் எந்த முறையைச் சேர்ந்தது என்று அறியாமல் படிக்கத் தொடங்குவது, எந்த மொழி என்று அறியாமல் கடிதத்தைப் படிப்பது போன்றது.

குறியின் இடப்புறத்து எண் அளவு. வலப்புறத்து எண் நீளம். சிறு முக்கோணம் இருந்தால் பில்லட். கோடு மடங்கும் இடத்தில் சிறு கொடி பறந்தால், பட்டறையில் அன்று, வேலை நடக்கும் களத்தில் பற்றவைக்க வேண்டும். அதே இடத்தில் வட்டம் இருந்தால்... அதை நான் மறக்கமாட்டேன். நீங்களும் மறக்க வேண்டாம்.

நம் நாட்டிலும் இச் சொற்களை வரையறுக்கும் முயற்சி புதிதன்று. இந்தியத் தரநிலை 812 என்னும் சொற்றொகுதி 1957இலேயே வெளிவந்தது. குறியீடுகளுக்கு 813 என்னும் தரநிலை உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1965இல் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும், அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும் இந்த மொழியைப் பேசியே வாழ்கின்றன.

ஒரு கிராதியோடு போகிற செய்திதானே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1980ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் மாலை, வடகடலில் நார்வே நாட்டின் எண்ணெய் வயல் ஒன்றில், ‘அலெக்சாண்டர் கீலன்ட்’ என்னும் மிதக்கும் மேடை புயற்காற்றில் நின்றிருந்தது. ஐந்து பெருந்தூண்களின்மேல் நின்ற அம் மேடை தொழிலாளர்களின் தங்குமிடமாகப் பயன்பட்டது. அன்று அதில் 212 பேர் இருந்தார்கள். திடீரென்று அதன் உறுதிச் சட்டம் ஒன்று ஒடிந்தது. மற்றச் சட்டங்களும் அடுத்தடுத்து முறிய, ஒரு தூண் அறுந்து போயிற்று. மேடை சாய்ந்து, சிறிது நேரத்தில் கவிழ்ந்தது. 123 பேர் மாண்டார்கள்.

ஆராய்ந்தபோது, முதல் விரிசல் தோன்றிய இடம் தெரிந்தது. ஒலியறியும் சிறு கருவி ஒன்றைத் தாங்குவதற்காக அச் சட்டத்தில் ஒரு பிடிப்பைப் பொருத்தியிருந்தார்கள். அந்தப் பிடிப்பைச் சுற்றி இட்டிருந்த 6 மில்லிமீட்டர் பில்லட்டே அந்த இடம். அது மேடையின் பாரத்தைத் தாங்கும் உறுப்பு அன்று. ஆனால், பெரிய சட்டத்தோடு உருகி ஒன்றாகிவிட்ட பிறகு, சிறிய பற்றவைப்பு என்று ஒன்று இல்லை. அதன் விரிசல் சட்டத்தின் விரிசலே ஆகும். அந்தப் பற்றவைப்பின் வடிவம் செம்மையாக இல்லை. விரிசலின் உள்ளே பழைய வண்ணப்பூச்சின் தடமும் காணப்பட்டது. அதன் பொருள் என்ன? மேடை கடலுக்குப் போவதற்கு முன்பே, வண்ணம் பூசிய நாளிலேயே, விரிசலின் ஒரு பகுதி அங்கே இருந்தது என்பதே. அதன்பின் அலைகள் இடைவிடாது மோத மோத, அது சிறிது சிறிதாக வளர்ந்தது. இதைப் படித்தபோது, வண்ணம் பூசிப் பளபளத்த எங்கள் கிராதியை நினைத்துக்கொண்டேன்.

ஆய்வாளரின் வேலை குற்றம் சாட்டுவதன்று என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அவர்கள் குறை வேறு, குற்றம் வேறு என்று பிரித்துப் பேசுவார்கள். பற்றவைப்பில் நுண்துளை ஒன்று இருப்பது குறை. அது தரநிலை அனுமதிக்கும் எல்லையைக் கடந்தால்தான் தள்ளத்தக்க குற்றம். எல்லாவற்றையும் தள்ளுபவரும் நல்ல ஆய்வாளர் அல்லர். எல்லாவற்றையும் ஏற்பவரும் அல்லர். அளவுகோலைக் கையில் பிடித்து, எல்லையை அறிந்து, உரிய சொல்லால் எழுதுபவரே நல்லவர். தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கும் இந்த நீதி பொருந்தும் என்பதை நான் ஓய்வுபெறும் தறுவாயில்தான் உணர்ந்தேன்.

அந்தப் பிள்ளையின் கை கூடிவிட்டது. அதே பட்டறைக்காரரே கிராதியைத் திரும்ப அமைத்தார். கூலி வாங்க மறுத்தார். இம்முறை வண்ணம் பூசுவதற்கு முன்பே, கையில் வரைபடமும் அளவியுமாகத் தூண் தூணாகக் குனிந்து நான்கு பக்கமும் பார்த்தேன். அவரும் என்னோடு குனிந்து பார்த்தார். அதன் பின்னரே கையெழுத்திட்டேன்.

மாணவர்களே, உங்களுள் சிலர் வரைபவராவீர்கள், சிலர் செய்பவராவீர்கள், பலர் ஏதேனும் ஒரு தாளில் கையெழுத்திடுபவராவீர்கள். பொருள் தெரியாத குறி ஒன்று அத்தாளில் இருக்குமாயின், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள். அவர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் கேளுங்கள்.